வேம்புலியிடம் கேட்டால்

வேம்புலியின் இரண்டு கைகளும் இரும்புக் கம்பியின் குறுக்குப் பிடியில் இருக்கின்றன. கம்பியின் மறுமுனை தெருமுனைக் குழிக்குள் இறங்கி வால்வின் தலையைக் கவ்வியிருக்கிறது. நாலு சுற்று சுற்றியதும் நிறுத்தி, கம்பியின் மேல் காதை வைத்துக் கேட்கிறார். தண்ணீர் கிளம்பிவிட்டதா என்று அது சொல்லுமாம். "வந்துகினு கீதும்மா, குடத்த வையி" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி சுற்றுகிறார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நகர். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் பஞ்சாயத்துத் தண்ணீர்க்காரரான இவர் வால்வு திறக்கும்போதுதான் கேட்பார்கள். இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும் மனிதர் எங்கே ஓடிவிட முடியும்?

"குப்பைத் தொட்டி எப்போ வெப்பாங்க?" "நாய் புடிக்கிற வண்டி ஏன் நம்ம பக்கம் வர்றதில்ல?" "கொசு மருந்து அந்தத் தெருவோட நின்னுபோச்சே, நாங்க ரத்தமில்லாத ஜென்மமா?" "பேரன் ஊட்லயே பொறந்துட்டான், எங்க போயிப் பதியறது?"

தண்ணீரைத் தவிர வேறெதற்கும் வேம்புலிக்குப் பதில் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "ஆபீஸ்ல சொல்ட்டேம்மா. ஆளு வருவான்."

"இன்னா அண்ணாத்தே, அந்த ஆளு நடந்து வரானா, தவழ்ந்து வரானா?" என்பாள் மூன்றாம் வீட்டு ஜமீலா.

"நடந்துதாம்மா வரான். வழியில செருப்பு அறுந்துபோச்சாம்." சொல்லிவிட்டு முதலில் சிரிப்பவரும் அவர்தான். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

போன புரட்டாசியில் மணல் லாரி ஏறி, பொன்னம்மாள் வீட்டு வாசலில் கால்வாய் மூடி உடைந்தது. பொன்னம்மாளின் கணவர் பால்ராஜ் ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். படுக்கைப்புண் வராமல் அவரை எப்படிப் புரட்டுவது என்று பொன்னம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தவறாமல் செய்துவந்தாள். அவர் முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

உடைந்த மூடியைப் பற்றி அவள் வேம்புலியிடம் சொன்னாள். "சொல்ட்டேங்க்கா." மறுவாரமும் கேட்டாள். "ஆளு வருவான்." ஓட்டை தெரியட்டும் என்று யாரோ அதில் ஒரு முருங்கைக் கிளையை நட்டிருந்தார்கள். மாடு ஒன்று அதை இழுத்துப் போட்டது. இன்றோ நாளையோ ஆள் வந்துவிடுவான் என்று யாரும் வேறு கிளை நடவில்லை.

ஐப்பசி மழையில் தெருவும் கால்வாயும் ஒரே மட்டமாகத் தண்ணீர். விளக்கு வைக்கும் நேரத்தில் கணவருக்கு மாத்திரை வாங்கக் கிளம்பிய பொன்னம்மாள், அந்த ஓட்டையில் காலை விட்டாள். அலறல் கேட்டு நான் போனபோது அவளுடைய இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு. நடுவில் தலையணை வைத்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி வேனில் ஏற்றினோம். வலியைப் பற்றி அவள் பேசவில்லை. "அவர யாருக்கா பொரட்டிப் போடுவாங்க?" என்றாள்.

மறுநாள் நானே இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் பாஸ்கரன் நிமிர்ந்து பார்த்தார். "யாருமே வந்து சொல்லலையேம்மா. மூடி எல்லாம் பின்னாடி சும்மாத்தான் கிடக்கு." எட்டிப் பார்த்தேன். புதிய மூடிகள் அடுக்கியிருந்தன. இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. மதியத்துக்குள் இரண்டு பேர் ஒன்றை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வேம்புலி என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "ஒரு தடவையாவது சொன்னியாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல நர்சம்மா. வால்வு சாவிக் கம்பிய எடுத்துகினு ஆபீஸ் பின்வாசலாலயே வந்துடுவேன். உள்ள போய் நின்னு பேசி எனக்குப் பழக்கமில்ல."

"அப்போ ஏன் சொல்லிட்டேன்னு சொன்னே?"

"சொல்லலைன்னா மூஞ்சி சுருங்கிப்போவுதும்மா. சொல்ட்டேன்னா சிரிச்சிகினு போறாங்க."

"பொன்னம்மாளும் சிரிச்சுக்கிட்டுத்தான் போனா," என்றேன்.

அவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பால்ராஜை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. பால்ராஜ் கனமான ஆள். இதையும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வேம்புலி பொன்னம்மாள் வீட்டுக்குள் வந்தார். நான் அப்போதுதான் பால்ராஜின் போர்வையை விலக்கியிருந்தேன். வேம்புலி கொல்லைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். கட்டிலின் மறுபக்கம் போய் நின்று, "எந்தப் பக்கம் நர்சம்மா?" என்றார். இடது பக்கம் என்றேன். குனிந்து பால்ராஜின் தோளுக்கடியில் ஒரு கையையும் இடுப்புக்கடியில் ஒரு கையையும் கொடுத்து, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.