அணை மேல் ஏறக் கூடாது

எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அம்மா திடீரென்று கட்டிலோடு கட்டிலாகப் படுத்துவிட்டாள். இடுப்பு வலி என்று எனக்குச் சொன்னார்கள். உண்மையில் அவள் வயிற்றில் பிள்ளை. முந்தின வருடம் ஒன்று தங்கவில்லை என்பதால், இந்த முறை அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முந்தின முறை என்னிடம் சொல்லிவிட்டு, பிறகு நான் "பாப்பா எங்கே?" என்று கேட்டபோது எல்லோரும் திண்டாடிப் போனார்களாம். அதனால் இந்த முறை எனக்கு மட்டும் ரகசியம்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மஸ்கட்டில் இருந்தார். சமையலுக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்திருந்தார். வயலைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தம்பி, என் மாமா, வந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள டிவி இருந்தது. "ஓடாத, குதிக்காத, ஒரு எடமா உக்காரு" என்பதுதான் அத்தைக்குத் தெரிந்த ஒரே பிள்ளை வளர்ப்பு. பகலெல்லாம் பிடித்து வைத்த பிள்ளையாராக இருந்துவிட்டு, சாயங்காலம் சேர்த்து வைத்து ஆடித் தீர்ப்பேன். ஒரு நாள் முக்காலியிலிருந்து அம்மாவின் மேல் தாவினேன். மாமா குறுக்கே விழுந்து பிடித்தார். அத்தை என்னை அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மாமா டிவியை அணைத்தார். அம்மாவின் பழைய புடவைகளை முறுக்கிக் கயிறாக்கி, கூடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார்.

"இதெல்லாம் வரப்பு. நடுவுல இருக்கறது வயலு. மடை தொறந்தாச்சுன்னு சொன்னா ஓடிப் போய் வரப்புல ஏறிக்கணும். கால் தவறுச்சு, நண்டு கடிச்சுப்புடும்."

நண்டு வேறு யாருமில்லை, மாமாதான். கணுக்காலைப் பிடித்து நன்றாகவே கிள்ளுவார். "மடை அடைச்சாச்சு" என்றால் வயலில் இறங்கி நடவு நட வேண்டும். குனிந்து, பின்னாலேயே நகர்ந்து, புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். நிமிர்ந்தால் கூலி கிடையாது. கூலி ஒரு பொட்டுக்கடலை உருண்டை.

"ஏன் தம்பி, பொம்பளப் புள்ளைய இப்படியா குதிக்க விடுவாங்க?" என்றார் அத்தை.

"இங்க குதிச்சாத்தான் அண்ணி, அங்க குதிக்காது" என்று மாமா கட்டிலைக் காட்டினார். எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் கட்டிலுக்கும் ஒரு விதி இருந்தது.

"அதுதான் அணை. கையால தொட்டுக்கலாம். மேல ஏறக் கூடாது. அணை ஒடஞ்சா ஊரே போயிடும்."

ஊரைக் காப்பாற்றும் பொறுப்பு வந்துவிட்டதால் நான் பெரிய மனுஷியாகிவிட்டேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "எங்கம்மா அணை" என்று சொல்லி, கிட்டே போகாமல் தடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு புடவை வரப்பில் நடப்பேன். அம்மா படுத்தபடியே, "மடை தொறந்தாச்சு!" என்று குரல் கொடுப்பாள். அத்தைகூட ஒரு தடவை காப்பித் தம்ளரோடு ஓடி வரப்பில் ஏறிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

மூன்று மாதம் போலப் போயிற்று. ஒரு மத்தியானம் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மாமா கொல்லைக்குப் பின்னால் இருந்த நாற்றங்காலில் நின்றார்.

"இங்க வாடி, மேல வா" என்றாள் அம்மா.

"அணை ஒடஞ்சிடும்மா."

"ஒடையாது. யாருமில்ல. வா."

ஏறினேன். அம்மா என்னை இழுத்து அணைத்து, தலையை முகர்ந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு! என் முழங்காலை அவள் வயிற்றிலிருந்து ஏதோ உதைத்தது. தண்ணீர்தான் முட்டுகிறது என்று பயந்து உடனே இறங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா "ஐயோ" என்றாள். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமாவக் கூப்பிடு. ஓடு."

ஓடினேன். கொல்லைக் கதவு, வாய்க்கால் பாலம், பிறகு நிஜ வரப்பு. புடவையைவிட அகலமாகத்தான் இருந்தது.

"மாமா! அணை ஒடஞ்சிருச்சு!"

"அப்படின்னா வரப்புல ஏறிக்க" என்று மாமா சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். வரும் வழியில் அவர் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார். நான் விழவில்லை.

மாமா பக்கத்து வீட்டம்மாவை எனக்குத் துணைக்கு வைத்துவிட்டு, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அத்தை திரும்பி வந்தபோது, வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் அடுக்கி நான் உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தேன். நாள் கொஞ்சம் முந்திவிட்டாலும் தம்பி நல்லபடியாகப் பிறந்தான். சரியான நேரத்தில் ஓடி வந்ததற்காக எல்லோரும் என்னைக் கொஞ்சினார்கள். அணையை உடைத்தவளே நான்தான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா வீடு திரும்பி, "மேல வா" என்று கூப்பிட்டபோதும் புடவை வரப்பிலேயே நின்றுகொண்டேன். அம்மா அழுதாள்.

போன வாரம் என் மகனுக்காகச் சென்னை ஃபிளாட்டில் புடவைகளை முறுக்கிப் போட்டேன். அவனுக்கும் நான்கு வயது. செல்போனைப் பிடுங்கினால் வீடு இரண்டாகும். வீடியோ காலில் அவன் வரப்பில் ஓடுவதைப் பார்த்த அம்மா, "மடை தொறந்தாச்சு!" என்று குரல் கொடுத்தாள். நான் முப்பது வருடக் குற்றத்தை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

"நீ எங்கடி ஒடச்ச? நான்ல ஒன்ன மேல இழுத்தேன்" என்றாள் அம்மா. "அதுனாலதான் புள்ள முந்திக்கிச்சோன்னு பயந்து இன்னிவரைக்கும் உங்க மாமாகிட்டகூடச் சொல்லல."

ஏறக் கூடாது என்ற விதி எனக்கு மட்டும் போட்டது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். எட்டினால் தொடும் தூரத்தில் நான் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் படுத்திருந்தவளும் அதே விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் கிடந்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது.