போன் பூட்டு செல்வி கையில்

போன மாத டெலிபோன் பில்லைப் பார்த்து வீடே ஆடிப்போனது. டிவி விளம்பரத்தில் காட்டிய எண்ணுக்குப் பேசி, ஐந்தாவது படிக்கும் என் மகள் செல்வி தினமும் பேய்க்கதை கேட்டிருக்கிறாள்.

"சும்மாதான் கத சொல்லுதாங்கன்னு நெனச்சேம்மா" என்று ஒரே அழுகை.

நான் அடிக்கவில்லை. நிமிடத்துக்கு எவ்வளவு என்று அவளையே கணக்குப் போட வைத்தேன். பிறகு, அந்த மாதிரி அழைப்புகளைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணை அவளிடமே ஒப்படைத்துவிட்டேன்.

இன்று காலை என் கணவர் ரிசீவரைக் கையில் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, பூட்டைத் தொற."

"யாருக்குப்பா பேசணும்?"

"போன்ல ராசிபலன் சொல்லுதாம்லா, அதுக்குத்தான்."

"அதுக்கும் நிமிசக் கணக்குல காசுப்பா. நம்ம காலண்டர்லயே போட்டிருக்கான், அங்கன போயி பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்தார். அவர் ராசிக்கு 'தோல்வி' என்று போட்டிருந்தது.

இதை ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நம் இணையக் குழுவில் உங்கள் எல்லோருக்கும் தட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் நேரக் கணக்கில்தான் காசு; செல்வி பக்கத்தில் நின்று கடிகாரத்தையே பார்க்கிறாள். உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள். ஆனால் சுருக்கமாக எழுதுங்கள், படிப்பதற்கும் இவள் அனுமதி வேண்டும்.