நேரலைக்கு வந்தவனும் என் நெத்திலியும்

அவன் முதல் தடவை வந்தபோது ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். எனக்குப் படிப்பு ஐந்தாவது வரை. பேச்சும் குறைவுதான். மீனைக் கூவி விற்பது பேச்சில் சேராது.

அவன் டிவிக்காரன். சின்ன வயசு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் மைக். கூட ஒரு கேமராக்காரன். வந்ததும் அம்மா என்றான். வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னான், காட்டினேன். சிரிக்கச் சொன்னான், சிரித்தேன்.

"அம்மா, வர்ற எலெக்‌ஷன்ல உங்க ஓட்டு யாருக்கு?"

எந்த எலெக்‌ஷன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. அவர்கள்தான் தெருவுக்குள் வந்து கும்பிடுகிறவர்கள்.

"எங்க வூட்டாண்ட கொழாய்ல தண்ணி வர வெக்கிறவனுக்குப் போடுவேன். அவன் எந்தக் கட்சியா இருந்தா எனக்கு இன்னா?"

"சூப்பர்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போது நடந்துகொண்டிருந்தது ஜனாதிபதி தேர்தல். அதில் எங்களுக்கு ஓட்டே கிடையாது. எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் போடுவது. இது எனக்குத் தெரியாதுதான். ஆனால் அவன் கேட்டதும் அது இல்லை.

ரெண்டு நாள் கழித்து வீடியோ வந்தது. பக்கத்துப் பலகையில் மீன் விற்கிற என் நாத்தனார்தான் போனில் காட்டினாள். அதில் அவன் வேறு எங்கேயோ மரத்தடியில் நின்றுகொண்டு, "ஜனாதிபதி தேர்தல்ல உங்க ஓட்டு யாருக்கும்மா?" என்று கேட்கிறான். உடனே என் மூஞ்சி வருகிறது. குழாயில் தண்ணி வர வைக்கிறவனுக்கு என்கிறேன். அப்புறம் கழுதை கத்துகிறது. நிறைய பேர் சிரிக்கிற சத்தம் வருகிறது.

அன்று சாயங்காலம் அதே டிவியில் விவாதம். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், நடுவில் கோட்டுப் போட்ட ஆள். அவர்களுக்குப் பின்னால் சுவர் அளவுக்கு நான். வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"இந்தம்மாவைப் பாருங்க. ஜனங்களை இப்படியே வெச்சிருந்தது யாரு? உங்க கட்சி!" என்றார் ஒருவர்.

"சார், இவங்க உங்க ஓட்டர்! குடத்தைக் குடுத்து ஓட்டு வாங்கிப் பழக்கினது நீங்க" என்றார் மற்றவர்.

"அந்தக் குடத்துல உங்க தலைவர் படம்தான் இருந்துச்சு!"

கோட்டுக்காரன் கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். நிகழ்ச்சி முடிகிறவரை என் மூஞ்சியை எடுக்கவில்லை. குழாயில் தண்ணி வந்ததா என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

"வுடுமே. நாலு நாள்ல மறந்துடுவானுங்கோ" என்றார் வீட்டுக்காரர்.

மறக்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வருகிற ஒரு சார், பல வருஷமாக என்னிடம் வாங்குகிறவர், வண்டியை நிறுத்தாமலே கேட்டார். "என்னம்மா, ஜனாதிபதி யாரு? உன் குழாய்க்காரர்தானா?" பின்னால் உட்கார்ந்திருந்த அவர் வீட்டம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பஸ்ஸில் ரெண்டு பையன்கள் என்னைப் பார்த்துக் கழுதை மாதிரிக் கத்தினார்கள். இதையெல்லாம் பொறுத்தேன். மீன்காரி கேட்காத பேச்சா?

என் மகள் தி. நகரில் ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் என் குரலைப் போனில் மணியாக வைத்துக்கொண்டார்கள். அவள் போகும்போது ஒருத்தி போன் அடிப்பாள், இன்னொருத்தியின் போனில் நான் கத்துவேன். ஒரு நாள் சேலை எடுக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்களாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. நாத்தனார் மகள் சொன்னாள். என் மகள் ஞாயிற்றுக்கிழமை என்னோடு பலகையில் நிற்பதை நிறுத்தினாள். ரோட்டில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் போனாள்.

எனக்கு அந்த வீடியோ போக வேண்டும். வேறொன்றும் வேண்டாம். மகளைக் கூட்டிக்கொண்டு அந்த டிவி ஆபீசுக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றோம். ரொம்ப நேரம் கழித்து அவனே இறங்கி வந்தான், கையில் காபியோடு.

"அம்மா! நீங்க வைரல் தெரியுமா? காசு குடுத்தாக்கூட இந்தப் பேரு கிடைக்காது."

"எடுத்துடு நைனா. பொண்ணு வேலைக்குப் போவ முடியல."

"அதெல்லாம் என் கையில இல்லம்மா. நல்லா ஓடுது. இதுல தப்பா என்ன இருக்கு? ஜாலியா எடுத்துக்கங்க."

சொல்லிக்கொண்டே என் தோளில் கை போட்டு, போனை மேலே தூக்கி, ஒரு செல்ஃபி எடுத்தான். எனக்குக் கையை உதறத் தோன்றவில்லை. மகள் கேட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அந்த பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். எப்போது, எப்படி என்று தெரியாது. ஆனால் அவனை விடக் கூடாது.

அவனே வந்தான். ஜனாதிபதிக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிற நாளுக்கு ரெண்டு நாள் முன்னால் பலகைக்கு முன் வந்து நின்றான். "நாளைக்கு சாயங்காலம் இங்கேயே லைவ்மா. நம்ம வீடியோ எடுத்த இடத்துலேயே விவாதம். ரெண்டு கட்சிக்காரங்களும் வர்றாங்க. நீங்கதான் ஸ்டார்."

"வா நைனா" என்றேன்.

மறுநாள் காலை கரையில் ஏலம் முடிந்து கூடையை ஏற்றும்போது மற்றப் பெண்களிடம் சொன்னேன். "சாயங்காலம் அவன் வாயைத் தொறந்தா நாமளும் தொறக்கணும்."

"இன்னாத்துக்குக்கா?" என்றாள் இறால் விற்கிறவள்.

"யாவாரத்துக்கு."

ஒருத்தியும் மேலே கேட்கவில்லை. அவர்களும் அந்தக் கழுதையைக் கேட்டவர்கள்தான்.

சாயங்காலம் வேன் வந்தது. மேலே குடை மாதிரி ஒன்றை விரித்தார்கள். விளக்கைப் போட்டார்கள். அதே ரெண்டு கட்சிக்காரர்கள், வேறு வேறு கரை வேட்டி. மீன் தண்ணி படாமல் இருக்க வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என்னைப் பலகைக்குப் பின்னால் நிற்க வைத்து, கேமராவை எங்கள் எல்லோர் மேலேயும் திருப்பினான். காதில் ஒரு ஒயர். ஆபீசிலிருந்து அதில்தான் பேசுவார்களாம்.

"வணக்கம், நாம இப்ப நொச்சிக்குப்பத்துல..." என்றான்.

"வஞ்சிரம்! வஞ்சிரம்! வாம்மா வாம்மா!" என்றேன்.

எனக்குத் தொண்டை பெரிசு. இந்தப் பக்கம் நாத்தனார் சங்கராவைக் கூவினாள். அந்தப் பக்கம் இறால். அதற்கு அப்பால் நண்டு. ரோடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. அவன் கையை ஆட்டினான். "அம்மா, கொஞ்சம் அமைதி!" என்று அவன் வாய் அசைந்தது. என் காதில் விழவில்லை. ஒரு கட்சிக்காரர் மைக்கைப் பிடுங்கிக் கத்திப் பார்த்தார். மற்றவர் சந்தோஷமாக நின்றார். பிறகு அவர் முறை வந்தது, அவருக்கும் அதேதான்.

விளம்பரம் போட்டார்கள் போலிருக்கிறது. அவன் ஓடி வந்தான். காதில் இருந்த ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். அதற்குள்ளிருந்து யாரோ அவனைத் திட்டுவது எனக்கே கேட்டது.

"என்னம்மா இது? லைவ் போயிட்டு இருக்கு!"

"எங்க யாவாரமும் போய்க்கினு கீது. நீ உன் யாவாரத்தப் பாரு."

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"எடு."

அவனுக்குப் புரிந்தது. போனை எடுத்து யாரிடமோ கெஞ்சினான். "சார் ப்ளீஸ் சார், அந்த ஒரு வீடியோதான் சார், இல்லன்னா ஷோவே நடக்காது சார்" என்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் வஞ்சிரத்துக்குத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தேன். அவசரமே இல்லை. பார்க்க நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் போனைத் தடவிப் பார்த்தாள். "அண்ணி, காணோம். தூக்கிட்டானுங்கோ."

"சரியாம்மா?" என்றான்.

"சரி" என்றேன்.

அவன் ஒயரைக் காதில் செருகிக்கொண்டு ஓடினான். எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். ரோடு அமைதியாகிவிட்டது. அலைச் சத்தம்தான் கேட்டது. ஆளுங்கட்சிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மக்களாட்சியில மக்களோட குரல்தான்..."

"நெத்திலீ!" என்றேன்.

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த யாராலும் முடியவில்லை. வாங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனார். அவன் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு என்னென்னவோ சொன்னான். கடைசியில் கேமராக்காரனே விளக்கை அணைத்தான்.

ஒயர் சுற்றும்போது என்னிடம் வந்தான். "எடுத்துட்டேனேம்மா. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"எடுன்னேன், எடுத்த. வாய மூடிக்கினு இருக்கேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"எனக்கு வேலை போயிடும்மா."

"நீ கேட்டது ஒண்ணு, போட்டது ஒண்ணு. அன்னிக்கு என் பொண்ணு கேட்டாண்ட நின்னுகினு இருந்தா, பாத்த இல்ல?"

அவன் மீதி ஒயரை அப்படியே அள்ளினான். வேனில் ஏறிக்கொண்டான்.

கட்சிக்காரர்கள் ரெண்டு பேரும் போகவில்லை. சுவரில் என்னை ஒட்டி வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டவர்கள், இப்போது ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு என் பலகைக்கு வந்தார்கள். ஒரே கார்தான்.

"தலைவரே, சங்கரா வாங்கலாமா?" என்றார் ஒருவர்.

"வாங்குங்க தலைவரே, வீட்ல கேட்டுட்டே இருக்காங்க" என்றார் மற்றவர். பிறகு என்னிடம், "ஃப்ரெஷ்ஷாம்மா?"

"இன்னிக்குப் புடிச்சது."

செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாதவர்கள். முந்தாநாளிலிருந்து ஐஸில் கிடந்ததை அடியிலிருந்து எடுத்து, ரெண்டு பேருக்கும் சமமாகப் போட்டேன். ஒரு கட்சிக்கும் குறை வைக்கவில்லை.

வீடியோ முழுசாகப் போகவில்லை. யார் யார் போனிலோ இருக்கிறது. எடுத்தாலும் போகாது என்று நாத்தனார் முன்னாலேயே சொல்லியிருந்தாள். அதனால்தான் எடுத்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை மகள் வேலைக்குக் கிளம்பக் கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். "நேத்து கடையில டிவி போட்டிருந்தாங்க. எல்லாம் பாத்தோம்."

"இன்னா சொன்னாளுங்கோ?"

"இன்னா சொல்வாளுங்க. வாயே தொறக்கல." பின்னலை முடிந்துவிட்டுத் திரும்பினாள். "டிவியில சரியாத் தெரில. அவன் அழுதானாம்மா?"

"இல்ல. கண்ணு கலங்குச்சு."

"அழ வெச்சிருக்கணும்" என்றாள்.

எனக்கும் அது ஒன்றுதான் குறை.