பட்டியலில் பதினேழாவது பெயர்

எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருடமாக "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே அடக்குங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு 'மூச்சடக்கி அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டால் கோபிக்க மாட்டார். மருத்துவமனை ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை எந்த முதலீட்டு மேலாளரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் குழுவுக்கு அவரையே தலைவியாக்கினார்கள்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆயுதம் செய்கிற கம்பெனிக்கு நம் காசு போகக் கூடாது. போருக்குத் தப்பி வந்தவர்களின் தோளிலும் தொடையிலும் தைத்திருந்த இரும்புச் சில்லுகளைப் படமெடுத்தவர் அவர்.

மூன்று மேலாளர்கள் வந்தார்கள். முதலாமவர் "சுத்தமான முதலீடு" என்று வாய் ஓயாமல் பேசினார். எந்தெந்தக் கம்பெனி என்று கேட்டதும் தண்ணீர் குடித்தார். இரண்டாமவர் பச்சை இலைப் படம் போட்ட வழவழப்பான புத்தகம் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு துப்பாக்கிக் கம்பெனி இருந்தது.

மூன்றாவதாக ஜலதோஷத்தோடு ஒரு பெண் வந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே இரண்டு தாள்களை நீட்டினார். "இதுல இருக்கிறதை வாங்குவேன். இந்த இன்னொண்ணுல இருக்கிறதைத் தொட மாட்டேன். ஏன்னு பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

இரண்டாவது தாளில் பதினேழாவது பெயர், அக்காவின் மகள் வேலை பார்க்கும் ஸ்பிரிங் கம்பெனி. பக்கத்தில் 'ஏவுகணை உதிரிபாகம்' என்றிருந்தது.

அக்கா அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார். "இவங்க... கட்டிலுக்கு ஸ்பிரிங் செய்யிறவங்கதானே?"

"அதுவும் செய்யிறாங்க மேடம். ஆனா பாதிக்கு மேல இதுதான்."

நடைபாதைக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார். "உங்க கம்பெனியில என்னடி செய்யிறீங்க?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "யாரும்மா சொன்னாங்க?"

"அப்ப உனக்குத் தெரியும்."

"மூணு வருஷமாத் தெரியும். உன்கிட்ட எந்த முகத்தோட சொல்றது?"

அக்கா போனை வைத்தார். மூன்று வருடம்! வாராவாரம் வந்து, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவள்.

உள்ளே திரும்பி வந்து எதையும் மறைக்காமல் சொன்னார். குழுவில் ஒருவரான ஆம்புலன்ஸ் டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "உங்களுக்குச் சங்கடம்னா, அந்த ரெண்டாவது ஆளையே பாத்துக்கலாம்க்கா."

"வேணாம் தம்பி. பெத்தவ எனக்கே தெரியாததை இவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. இவங்ககிட்டயே குடுப்போம்."

கையெழுத்துப் போடும் முன் அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஜலதோஷக்காரப் பெண் தன் கைக்குட்டையை நீட்டிவிட்டு, அது ஈரமென்று உணர்ந்து சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வாசலிலேயே நின்று, "வேலையை விட்டுடவாம்மா?" என்றாள்.

"என்னைக் கேக்காத. நான் சொன்னேன்னு விடாத" என்றார் அக்கா. தட்டு மட்டும் எடுத்து வைத்தார்.

மகள் இன்னும் அந்தக் கம்பெனிக்குத்தான் போய்வருகிறாள். அவள் வேறு வேலை தேடுவதாக மருமகன் சொன்னார். அக்கா அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.