பிதுரங்கலவில் பொழுதுபட்டபோது

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் வசிக்கும் நான், இலங்கையில் யாழ்ப்பாணத்தைத் தவிர வேறெதுவும் பார்த்ததில்லை. போன ஜூலையில்தான் கணவரோடும் மகளோடும் சிகிரியாவுக்குப் போனேன்.

சிகிரியாக் குன்றை முழுதாகப் பார்க்க, எதிரே உள்ள பிதுரங்கல மலையில் ஏற வேண்டும். ஐந்து மணிக்கு அடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்ட ஓட்டோக்காரர் திருகோணமலைத் தமிழர். "ஆறு மணிக்கே இறங்கத் தொடங்குங்கோ அக்கா. பொழுதுபட்டால் இந்த றோட்டுக்கு யானை வரும்" என்றார்.

"நோர்வேயில நாங்கள் வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு மலை ஏறுற ஆக்கள், தம்பி" என்று சிரித்தேன். ஒஸ்லோவில் ஜூலை மாதம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

உச்சியில் நான் சின்னப் பிள்ளையாகிவிட்டேன். காட்டின் நடுவே அந்தக் குன்று செக்கச்செவேலென்று தனியே நின்றது. எத்தனை படம் எடுத்தும் ஆசை தீரவில்லை. சூரியன் மறைந்த பிறகும், "இன்னும் ஒரு மணித்தியாலம் வெளிச்சம் கிடக்கு" என்று நானே சொன்னேன்.

பாதிப் பாறைகள் இறங்குவதற்குள் பக்கத்தில் நின்ற மகளின் முகமே தெரியவில்லை. படம் எடுத்தே மூன்று போனும் செத்திருந்தன. கால் வைக்கப் பயந்து, உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தோம். கீழே காட்டில் மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது.

அப்போதுதான், கீழே எங்களுக்காகக் காத்திருந்த ஓட்டோக்காரர் டோர்ச் வெளிச்சத்துடன் ஏறி வந்தார். "நோர்வேயில சூரியன் உங்கட சொல்லுக் கேட்கும் போல, அக்கா. இங்க கேளாது."

இப்போதெல்லாம் எங்கே போனாலும், முதலில் அந்த ஊரில் பொழுதுபடும் நேரத்தைத்தான் பார்க்கிறேன். பதினெட்டு வயது வரை யாழ்ப்பாணத்தில் அதே சூரியனின் கீழ் வளர்ந்தவள் நான் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.