ஓர் அட்டையில் இரண்டு கையெழுத்து

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். பதினெட்டு வருஷமாகச் சொல் பொறுக்கிச் சேர்த்தவள். அவள் எழுதிய அட்டைகளை அடுக்கினால் நிலாவுக்கே ஏறிப் போகலாம். வழியில் ஓர் எழுத்துப்பிழைகூடக் காலில் தட்டாது.

அங்கே ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பொருளும், சொல் பிறந்த வேரும் எழுதித் தட்டச்சு செய்து, அடியில் கையெழுத்திட வேண்டும். எறும்பும் அவள் புருஷனும் அப்படி ஆயிரம் அட்டையில் சேர்ந்து இருப்பவர்கள். கல்யாணம் செய்துகொள்வதைச் சொல்லும் 'வெட்' என்ற ஆங்கிலச் சொல்லிலும் தன் பெயர் அவர் பெயரோடு இருக்க வேண்டும் என்று அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். ஆசிரியரோ அதைப் புருஷனுக்கும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் கொடுத்துவிட்டார். எறும்புக்கு அடுத்த அட்டை: 'வீட்', அதாவது களை.

ஜன்னலோரம் இரண்டு தலைகள் ஒன்றாகக் குனிந்திருந்தன. எறும்புக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க, ஒத்தைச் சொல்லுக்கு ஒன்றரை மணி நேரமா?"

"பழைய சொல்லு. வேர் ஆழமாப் போகுது."

"போகும், போகும்."

"உன் களை என்னாச்சு?"

"ஜன்னல் பக்கம் செழிப்பா வளருது."

மூன்று மணிக்கு அந்த அட்டை சரிபார்க்க வந்தது. எறும்பு பாய்ந்து எடுத்தாள். 'தொடக்கத்தில் மோதிரம் மாற்றுவதைக் குறித்தது' என்றிருந்தது. தப்பு சிக்கிவிட்டது; எரிந்த வயிறு குளிர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஈடு, உறுதி என்றுதான் பொருள். சொன்ன சொல்லைக் காப்பேன் என்று எதையாவது பிணையாக வைப்பது. கல்யாணம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று தடித்த புத்தகங்களைச் சுமந்துபோய் ஆசிரியர் மேசையில் இறக்கினாள்.

"சின்னப் பொண்ணு, தெரியாம எழுதியிருக்கும். பாவம், பேரை அடிச்சிடுங்க சார்."

ஆசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "தப்புப் பண்ணினவங்க பேரை அடிச்சிட்டு, திருத்தினவங்க பேரைப் போடணும். அதானே வழக்கம். வேர் எழுதினது யாரு?"

"நான்தான் சார்," என்றார் புருஷன். "பொருள் மட்டும்தான் அந்தப் பொண்ணு எழுதிச்சு. அது சரியாத்தான் இருக்கு."

சிவப்பு மையில் அவர் பெயர் அடிபட்டது. புதிய பெண் பேனாவைத் திறந்து நீட்டினாள். "என் பேருக்குப் பக்கத்துல போடுங்க அக்கா."

"ரெண்டு பேரும் நல்லா இருங்க," என்றார் புருஷன்.

எறும்பு, அந்தப் பெண்ணின் பெயருக்கு நாலு விரல்கடை தள்ளி, அட்டையின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.