முந்நூற்றுப் பத்து என்று பதிந்தவர்

1. பூட்டு போட்ட திரை

ஆப்களுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. சென்னையில் பல வருஷம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கும்பகோணம் வந்தேன். அம்மா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. வீட்டிலிருந்தே வேலை. பால் பாக்கெட் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் பேசுவதைத் தவிர, அன்றாடம் என்னோடு பேசுகிறவர்கள் எல்லோரும் லேப்டாப்புக்குள்தான் இருந்தார்கள்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது சர்க்கரை நோயாளிகளுக்கான ஏஐ ஆப். மீட்டரில் பார்த்த எண்ணைப் பதிந்தால் 'துணை' என்ற குரல் தமிழில் பேசும். எண் சரியாக இருந்தால் ஒரு பச்சை டிக், 'நன்று' என்ற ஒரு சொல், அவ்வளவுதான். கூடுதலாக இருந்தால் என்ன சாப்பிட்டீர்கள், தூக்கம் வந்ததா, மனசுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும். நன்றாக இருப்பவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அப்படி வடிவமைத்தது நான்தான்.

ஒரு நாள் எங்கள் ப்ராடக்ட் ஹெட் கார்த்திக் வீடியோ காலில் வந்தார். "மேடம், எல்லாரும் ஃப்ரீயாவே யூஸ் பண்றாங்க. இப்படியே போனா கம்பெனிய மூடணும். ஜனங்க எத ரொம்ப விரும்புறாங்களோ அதுக்குத்தான் சந்தா வாங்க முடியும்."

ஜனங்கள் விரும்பியது துணையின் விசாரிப்பை. மூன்று கேள்விக்குப் பிறகு பூட்டுப் படம் வரும்படியும், சந்தா கட்டினால்தான் அது திறக்கும்படியும் ஒரு திரை செய்தேன். 'இன்னும் பேசலாமே' என்று பட்டனில் எழுதினேன். அந்த வாசகத்தை எல்லோரும் பாராட்டினார்கள். சந்தா கட்டுகிறவர்கள் கூடினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2. நன்னிலம்

சில வாரம் கழித்து டேட்டா டீமிலிருந்து கேட்டார்கள். நன்னிலத்தில் ஒருவர் தினமும் நாலைந்து தடவை பதிகிறார், எல்லாமே முந்நூற்றுக்கு மேல். மீட்டர் கோளாறா, ஆப் கோளாறா தெரியவில்லை. நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், போய்ப் பார்க்க முடியுமா?

போனில் கேட்டதும், "தாராளமா வாங்கம்மா" என்றார் அவர். பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் சம்பா நடவு. நிறைய நாளுக்குப் பிறகு ஒரு மனிதரைப் பார்க்கப் போகிறோம் என்பதே எனக்கு ஒரு மாதிரி படபடப்பாக இருந்தது.

சலீம் பாய்க்கு அறுபது வயதிருக்கும். முப்பது வருஷம் துபாயில் ஸ்டோர் கீப்பர். ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருஷமே மனைவி தவறிவிட்டார். பெண்கள் இருவரும் வெளிநாட்டில். வாசலிலேயே நின்றிருந்தார். புதுச் சட்டை, அயர்ன் மடிப்போடு.

"எப்பவும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க பாய்" என்றேன்.

விரலில் குத்தி மீட்டரில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்று. அவர் ஆப்பைத் திறந்து பழக்க தோஷத்தில் முந்நூற்றுப் பத்து என்று பதிந்தார்.

துணை பேச ஆரம்பித்தது. "சலீம் சார், சர்க்கரை ரொம்பக் கூடியிருக்கே. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"வெறும் டீதான்" என்று போனைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போதே நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கை நடுங்கியது.

எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று எச்சரிக்கைத் திரை வரைந்தவள் நான். ஆனால் அவர் பதிந்த எண்ணுக்கு அந்தத் திரை எப்படி வரும்? அடுக்களைக்கு ஓடினேன். சர்க்கரை டப்பாவே இல்லை. அலமாரியில் பேரீச்சம்பழப் பெட்டி இருந்தது. நாலைந்தை எடுத்து வாயில் ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் நின்றது. மறுபடி பார்த்தோம். தொண்ணூற்றெட்டு.

"ஏன் பாய் மாத்திப் போட்டீங்க?"

மீட்டரை உறையில் போட்டு மூடினார். "சரியா இருக்குன்னு போட்டா ஒரு டிக்கப் போட்டுட்டுப் போயிடுதும்மா. கூட இருக்குன்னு போட்டாத்தான் நின்னு பேசுது. அதுக்குத்தான் சந்தாவும் கட்டுறேன். முப்பது வருஷம் குடும்பம் நடத்துனதே போன்லதான். எனக்கு அதான் வரும். எதுத்தாப்ல உக்காந்து பேச வரல."

மீதியையும் சொன்னார். ஆப் தயாரித்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்திருந்தார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, அதையும் விழுங்கி வந்திருக்கிறார். போன வாரம் பள்ளிவாசல் படியில் மயங்கி விழுந்திருக்கிறார்.

"டாக்டர்ட்ட நான் எப்படிம்மா சொல்வேன்?"

"நானும் வர்றேன்" என்றேன்.

அன்றைக்கே போனோம். டாக்டர் அவரைத் திட்டினார், பிறகு என்னையும் திட்டினார். புதிதாகச் சேர்த்த மாத்திரையை நிறுத்தினார்.

3. மீட்டிங்

கார்த்திக் முழுவதையும் கேட்டார். கெட்டவரில்லை, அதிர்ந்துதான் போனார். மீட்டரைப் போட்டோ எடுத்தால்தான் எண் ரிப்போர்ட்டில் ஏறும் என்று மாற்றச் சம்மதித்தார். எண் சரியாக இருந்தாலும் துணை விசாரிக்கட்டும் என்றேன். அதற்கும் சரி என்றார்.

"அந்தப் பூட்டையும் எடுத்துடலாம் கார்த்திக்."

"அத எடுத்தா சம்பளம் எங்கேருந்து மேடம் வரும்?"

இனி பேமெண்ட் திரை நான் செய்யமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். என்னை வேறு டீமுக்கு மாற்றினார்கள். பூட்டு இன்றும் இருக்கிறது.

பிறகு ஒருமுறை சலீம் பாயைக் கூப்பிட்டு, சந்தாவை நிறுத்திவிடுங்கள், நான் வாரம் ஒரு தடவை பேசுகிறேன் என்றேன்.

"நீங்க பேசுங்கம்மா, சந்தோஷம். அதுவும் இருக்கட்டும்" என்றார். "வாரத்துல மீதி ஆறு நாள் இருக்குல்ல?"

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் நம் ஆப்பை அடிக்கடி திறக்கிறார் என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். ஆப்பை அடிக்கடி திறப்பதையே திருப்தி என்று எண்ணும் டாஷ்போர்டில் சலீம் பாய் இன்னமும் எங்கள் மிகத் திருப்தியான வாடிக்கையாளர்களில் ஒருவர்.